அம்பாசிடரின் ‘காலம்’ கெட்டால்: ஸ்டீயரிங் தண்டைக் கழற்றிச் சரிசெய்ய ஒரு வழிகாட்டி

ஸ்டீயரிங் சக்கரத்திலிருந்து கீழே பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் வரை போகும் குழாயையும் அதற்குள் சுழலும் தண்டையும் சேர்த்துப் பட்டறைகளில் ‘காலம்’ (ஆங்கில column) என்பார்கள். “சார், காலம் கெட்டுவிட்டது” என்று மெக்கானிக் சொன்னபோது, அவர் நாட்டு நடப்பைப் பற்றிப் பேசுகிறார் என்று நினைத்து நான் தலையாட்டினேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவர் சுத்தியலைத் தூக்கினார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடிந்திருக்க வேண்டிய வேலை ஏழு வாரம் இழுத்தது. தேவையே இல்லாமல் ஒரு ராக் (பினியன் பக்கவாட்டில் நகர்த்தும் பல் வெட்டிய கம்பி) வாங்கினேன். நல்ல தண்டின் தலை நசுங்கியது. நீங்களாவது தப்பித்துக்கொள்ளுங்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என்னுடையது 1972ஆம் ஆண்டு அம்பாசிடர் மார்க் 2. கியர் ராடு ஸ்டீயரிங்கை ஒட்டியே இருக்கும் வகை. கீழே இருப்பது ராக் அண்ட் பினியன். பிரீமியர் பத்மினி கார் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். ஆனால் அதில் ராக் கிடையாது, ஸ்டீயரிங் பாக்ஸ்தான். அந்த இடங்களில் மட்டும் உங்கள் வண்டிக்குரிய கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. ஸ்பேனருக்கு முன் ஆர்.சி.யை எடுங்கள்

சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டுகள். அதன் பிறகு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் வண்டியை ஆய்வாளரிடம் காட்ட வேண்டும். படிவம் 25இல் விண்ணப்பம். காலாவதி தேதிக்கு முந்தைய 60 நாட்களுக்குள்தான் கொடுக்க முடியும், அதற்கும் முன்னால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 20 ஆண்டுகளைத் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்ட் முதல் புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய். தாமதமானால் மாதத்துக்கு 500 ரூபாய். பசுமை வரி தனி.

இந்தத் தேதியை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நான் தண்டைக் கழற்றி லேத் பட்டறையில் கொடுத்த வாரத்தில்தான் ஆர்.சி. இன்னும் 20 நாட்களில் முடிகிறது என்று கவனித்தேன். ஸ்டீயரிங் இல்லாத வண்டியை ஆய்வுக்கு எப்படிக் கொண்டுபோவது? தேதிக்குக் குறைந்தது மூன்று மாதம் முன்னதாக வேலையைத் தொடங்குங்கள். ஆட்டம் காணும் ஸ்டீயரிங்கோடு ஆய்வுக்குப் போய்த் திரும்பி வருவதைவிட அது நல்லது. காப்பீடும் புகைச் சான்றும் இடையில் காலாவதியாகின்றனவா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். வண்டி ஓடாமல் ஷெட்டில் நிற்கும் மாதங்களில்தான் இவை சத்தமில்லாமல் முடிந்துபோகும்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு.

ஒன்று, ‘வின்டேஜ்’ ஆசை. 50 ஆண்டுகளைத் தாண்டி, அசல் வடிவத்தில் இருக்கும் வண்டியை 2021இல் வந்த விதிகளின்படி வின்டேஜ் வாகனமாகப் பதியலாம். எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுகள் செல்லும், மறுபதிவுக்கு 5,000. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்ட அனுமதி இல்லை. கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கும், பழுது பார்க்க, எரிபொருள் போடவும்தான். ஞாயிறு தோறும் மார்க்கெட்டுக்கு எடுத்துப்போகிறவர் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இரண்டு, “பழைய காலத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மாருதி காலம் வைத்துவிடலாம், கியரையும் தரைக்குக் கொண்டுவந்துவிடலாம்” என்று எல்லாப் பட்டறையிலும் ஒருவர் சொல்வார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்தவர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. பழுது பார்ப்பதும் தேய்ந்த பாகத்துக்கு அதே வகைப் பாகத்தைப் போடுவதும் பழுதுநீக்கம். வேறு வண்டியின் ஸ்டீயரிங்கை வெட்டி ஒட்டுவது மாற்றம். ஆய்வாளர் பிடிப்பாரா என்பதை விடுங்கள். வெட்டி வெல்டிங் வைத்த தண்டு வளைவில் கையோடு வந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?

2. ஆட்டம் எங்கே என்று கண்டுபிடியுங்கள்

இந்தப் படியைத் தாண்டியதால்தான் எனக்கு ராக் செலவு. அரை நாள் ஒதுக்குங்கள், கூட ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டில் அந்த வேலைக்கு மருமகன் கிடைத்தான்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள், சக்கரங்கள் நேராக இருக்கட்டும், இன்ஜின் வேண்டாம். உதவியாளர் ஸ்டீயரிங்கை இரண்டு விரல் அளவுக்கு இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். நீங்கள் கீழே போய், தண்டும் பினியனும் சேரும் இணைப்பின்மேல் கையை வையுங்கள். கண்ணைவிட விரல் இதில் நன்றாகச் சொல்லும். தண்டு திரும்புகிறது, பினியன் திரும்பவில்லை என்றால் இணைப்பின் ஸ்பிலைன் (ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் நீளவாட்டுப் பற்கள்) தேய்ந்திருக்கிறது, அல்லது போல்ட் தளர்ந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து திரும்பியும் ராக் நகரவில்லை என்றால் ராக்கில் கோளாறு. ராக் நகர்ந்தும் டயர் நகரவில்லை என்றால் ராக்கையும் சக்கரத்தையும் இணைக்கும் மூட்டான டை ராடு எண்டு. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

அடுத்து, உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் திருப்பாமல் மேலும் கீழுமாக, பிறகு பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஸ்டீயரிங் சக்கரம் மட்டும் அசைந்து வெளிக்குழாய் அசையாமல் நின்றால் மேல் புஷ் (குழாய்க்குள் தண்டு ஆடாமல் சுழலப் பிடித்திருக்கும் வளையம்) போய்விட்டது. குழாயும் சேர்ந்து ஆடினால் டேஷ்போர்டுக்கு அடியில் குழாயைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டைப் பாருங்கள். பல நேரம் ஒரு போல்டை இறுக்கினாலே முடிந்துவிடும், கழற்ற வேண்டிய அவசியமே வராது.

ஸ்டீயரிங் கனமாக இருக்கிறது என்பது வேறு புகார். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்காரவைத்துத் திருப்புங்கள். அப்போது லேசாகிவிட்டால் கோளாறு காலத்தில் இல்லை: டயர் காற்று, கிரீஸ் காணாத முன்சக்கர மூட்டுகள் என்று போங்கள். தூக்கிய பிறகும் கனமாக இருந்தால் இணைப்பைப் பிரித்து, மேல் பாதி கனமா கீழ் பாதி கனமா என்று தனித்தனியாகத் திருப்பிப் பாருங்கள்.

எனக்கு வந்த கோளாறு மேல் புஷ். ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக இழுத்தால் கால் அங்குலம் வரும். ராக்கில் ஒன்றுமே இல்லை. மேலே சொன்ன சோதனையைச் செய்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

3. கருவிகளும் பாகங்களும்

அம்பாசிடரின் நட்டு போல்ட்டுகள் அங்குல அளவு. நம் வீடுகளில் இருப்பதோ மில்லிமீட்டர் ஸ்பேனர். 1/2 அங்குலம் என்பது 12.7 மி.மீ.; 13 ஸ்பேனர் அதில் உட்காருவதுபோல் உட்கார்ந்து, துருப்பிடித்த நட்டின் முனைகளை மழுக்கிவிடும். 3/4க்கு 19 பொருந்திவிடும், அது 19.05 மி.மீ. 7/16க்கு 11 நுழையாது, 12 வழுக்கும். ஒரு அங்குல ஸ்பேனர் செட் வாங்கிவிடுங்கள். எனக்கு 1,400 ரூபாய் ஆனது.

ஸ்டீயரிங் சக்கரத்தைத் தண்டிலிருந்து இழுத்தெடுக்கும் புல்லர் கட்டாயம். 650 ரூபாய்க்கு இரண்டு கொக்கி உள்ளது வாங்கினேன். வாடகைக்குத் தரும் கடைகளும் உண்டு.

பாகங்களுக்குச் சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் புதுப்பேட்டையும். முதலாவதில் புதுச் சரக்கு, இரண்டாவதில் கழற்றிய சரக்கு. அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டதால் ஸ்டீயரிங் பாகங்கள் கடைக்காரரின் பரணில் இருப்பதைப் பொறுத்துத்தான் கிடைக்கும். அங்கேயும் இல்லையென்றால் கொல்கத்தா மல்லிக் பஜாரில் யாரையாவது பிடித்துப் பார்சலில் வரவழைக்கலாம். எங்கே போனாலும் பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். “மார்க் 2 புஷ்” என்று வாயால் சொல்லிக் கேட்டால், எல்லாக் கடையிலும் “இருக்கிறது” என்பார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் மார்க் 4இன் புஷ்ஷாக இருக்கும். பில் வாங்குங்கள். பில் இல்லாத பழைய பாகத்தைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது, காப்பீட்டுக்காரரிடம் காட்டவும் முடியாது.

4. ஸ்டீயரிங் சக்கரத்தைக் கழற்றுதல்

பேட்டரி இணைப்பை முதலில் எடுங்கள். பழைய வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இணைந்திருக்கும். எது பாடிக்குப் போகிறதோ அதை முதலில் கழற்ற வேண்டும், நிறத்தை நம்பாதீர்கள்.

நடுவிலுள்ள ஹார்ன் மூடியை நெம்பாதீர்கள். பக்கவாட்டில் சின்ன ஸ்குரூ ஒளிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள். மூடி உடைந்தால் அசல் மூடி கிடைப்பது குதிரைக் கொம்பு.

இப்போது பெரிய நட்டு. அதைத் தொடுமுன், தண்டின் முனையிலும் சக்கரத்தின் நடுவிலும் ஒரே நேர்க்கோட்டில் நகப்பூச்சால் ஒரு கோடு போடுங்கள். பெயிண்ட் மண்ணெண்ணெயில் கரைந்துபோகும், நகப்பூச்சு தாங்கும். நட்டை முழுவதும் கழற்றாமல், இரண்டு மூன்று மரை பிடித்திருக்கும்படி விட்டுவிட்டு, துரு எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் புல்லரை மாட்டி மெதுவாக இறுக்குங்கள். ஒரு கட்டத்தில் துப்பாக்கி வெடித்ததுபோல் ‘டப்’ என்று விடும். நட்டு அங்கேயே இருந்தால்தான் சக்கரம் உங்கள் மூக்குக்கு வராது.

சுத்தியல் கூடாது. தண்டின் தலையில் அடித்தால் அந்த அடி நேராகக் கீழே பினியனுக்குப் போகும், மேலே மரை காளான்போல் விரியும். என் வண்டியில் விரிந்தது. விரிந்த பிறகு நட்டு ஏறவில்லை. ஏறாததைப் பார்த்து “ராக்கும் போயிருக்கும் சார்” என்று சொல்லப்பட்டது. கேஸ் அடுப்பு நெருப்பும் கூடாது. ஐம்பது வருடப் பிளாஸ்டிக் சக்கரம் பப்படம்போல் வெடிக்கும்.

5. காலத்தை வெளியே எடுத்தல்

முன் இருக்கையை எடுத்துவிடுங்கள். நாலு போல்ட்தான், ஆனால் இடம் கிடைத்ததும் வேலை பாதியாகக் குறையும்.

கியரை நியூட்ரலில் வைத்து, காலத்தின் அடியிலுள்ள கியர் ராடுகளைக் கழற்றுங்கள். இங்கேதான் வாஷர்களும் ஸ்பிரிங்குகளும் மழையாகக் கொட்டும். ஒவ்வொன்றையும் கழற்றும் வரிசையிலேயே ஒரு கட்டுக்கம்பியில் பூக்கோப்பதுபோல் கோத்து, முனையை மடக்கிவிடுங்கள். நான் கைப்பேசியில் படம் எடுத்திருந்தேன்; படத்தில் இரண்டு வாஷர்கள் ஒன்றாகத் தெரிந்தன. கம்பி ஏமாற்றாது.

கீழ் இணைப்பின் போல்டைத் தளர்த்தினால் மட்டும் போதாது. முழுவதும் உருவ வேண்டும். அது பினியன் முனையில் உள்ள பள்ளத்தில் குறுக்கே உட்கார்ந்திருக்கும். போல்ட் இருக்கும்போதே மேலே இழுத்தால், எத்தனை பேர் இழுத்தாலும் வராது. இங்கேயும் நகப்பூச்சுக் கோடு போட்டுவிட்டு, விளக்கு, ஹார்ன் ஒயர்களில் எண் எழுதிய ஒட்டுத்தாள் சுற்றி, மேல் பிராக்கெட்டைக் கழற்றுங்கள். காலம் உள்பக்கமாகச் சாய்ந்து வெளியே வரும்.

6. லேத் பட்டறையில்

தண்டை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துப் பாருங்கள். புஷ் உராய்ந்த இடத்தில் மோதிரம்போல் பளபளப்பான பள்ளம் இருக்கும். நகத்தை நீளவாக்கில் ஓட்டினால் தட்டும். லேத்தில் மாட்டி, சின்ன வளைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்து நேராக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பிலைன் ஓரத்தில் விரிசல் இருக்கிறதா என்று சிவப்புச் சாயம் தெளித்துப் பார்க்கும் சோதனையையும் செய்துவிடுங்கள். விரிசல் இருந்தால் அந்தத் தண்டின் கதை முடிந்தது, வேறு தண்டுதான். “வெல்டிங் வைத்துக் கடைந்து தருகிறேன்” என்பவரிடமிருந்து தண்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுங்கள்.

புஷ்ஷுக்கு என்ன பொருள்? முதலில் பித்தளையில் கடைந்தேன். இறுக்கமாக இருந்தது, திருப்பும்போதெல்லாம் கீச் கீச்சென்று அணில் கத்தியது. நைலான் ஈரத்தை உறிஞ்சி ஊதும். சென்னைக் காற்றுக்கு ஆகாது. கடைசியில் டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் நிம்மதி கிடைத்தது. பிளாஸ்டிக் ராடு விற்கும் கடைகளில் துண்டாக வெட்டித் தருவார்கள். தண்டின் தேய்ந்த அளவை மைக்ரோமீட்டரில் எடுத்து, அதைவிட 0.1 மி.மீ. பெரிதாகத் துளை போடச் சொன்னேன். பழைய புஷ்ஷின் அளவைக் கொடுத்தால் பழைய ஆட்டமே திரும்ப வரும்.

ஒரு எச்சரிக்கை: ஹார்னின் எர்த் தண்டின் வழியாகப் போகும் வண்டிகளில், பிளாஸ்டிக் புஷ் போட்டதும் ஹார்ன் ஊமையாகிவிடலாம். அப்படியானால் எர்த்துக்குத் தனி ஒயர் கொடுக்க வேண்டும். ஹார்ன் இல்லாமல் ஆய்வுக்குப் போக முடியாது.

நேரம்: வேலை அரை மணி, காத்திருப்பு பத்து நாள். நூற்றுக்கணக்கில் பாகம் கடையும் லேத்காரருக்கு நம் ஒற்றைப் புஷ் கடைசி வேலைதான். வாரநாள் காலையில் போய் அங்கேயே ஸ்டூல் போட்டு உட்காருவது பலிக்கும். ஆயுத பூஜையை ஒட்டிக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன், என் தண்டு குங்குமம் வைத்துக்கொண்டு ஆறு நாள் மூலையில் நின்றது.

7. திரும்பப் பூட்டுதல்

முன்சக்கரங்கள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, கோடுகளைச் சேர்த்து இறக்குங்கள். கீழ் இணைப்புக்குப் பழைய போல்டையே போடாதீர்கள். தெருமுனை ஹார்டுவேர் கடையின் வெள்ளைப் போல்ட்டும் வேண்டாம். தலையில் வலிமைக் குறி பொறித்த உயர்வலிமைப் போல்ட், புது லாக் நட்டு இரண்டும் சேர்ந்து எனக்கு 180 ரூபாய். இந்த ஒரு போல்ட்தான் உங்கள் கையையும் சாலையையும் இணைக்கிறது.

மேல் பிராக்கெட்டை உடனே இறுக்காதீர்கள். எல்லாவற்றையும் கையிறுக்கமாக வைத்துவிட்டு, ஸ்டீயரிங்கைக் கடைசி வரை இடமும் வலமும் நாலைந்து முறை திருப்புங்கள். காலம் தன் நேர்க்கோட்டைத் தானே பிடித்துக்கொள்ளும். பிறகு கீழிருந்து மேலாக இறுக்கி வாருங்கள். ஸ்டீயரிங் சக்கரத்தின் நட்டு எவ்வளவு இறுக்கம் என்பதைக் கையேட்டில் பார்த்து, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள்.

கம்பியில் வாஷர் மிஞ்சியிருந்தால் மறுபடி கழற்றுங்கள்.

8. ஓட்டிப் பார்த்தல்

முதலில் ஜாக்கியில், பிறகு காலி மைதானத்தில் 20 கி.மீ. வேகத்தில். திருப்பிவிட்டுக் கையைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வர வேண்டும். வரவில்லையென்றால் எங்கோ இறுக்கிவிட்டீர்கள், பெரும்பாலும் மேல் பிராக்கெட். எல்லாக் கியரும் விழுகிறதா, திரும்பிய பிறகு இண்டிகேட்டர் தானாக அணைகிறதா என்று பாருங்கள். 100 கி.மீ. ஓடியதும் கீழ் இணைப்பையும் பிராக்கெட்டையும் மறுபடி ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். எனக்குப் பிராக்கெட் கால் சுற்று ஏறியது.

9. செலவுக் கணக்கு

உங்களுக்கு ஆகக்கூடியது, என் பில்களின்படி: ஸ்பேனர் 1,400, புல்லர் 650, டெல்ரினும் லேத் கூலியும் 900, நேர் பார்க்க 400, சாயச் சோதனை 500, போல்ட் நட்டு 180, அடிப்பலகை ரப்பர் 250, இரண்டு நாளைக்கு இரண்டாவதாகப் பிடித்த மெக்கானிக்கின் கூலி 3,000. மொத்தம் 7,280 ரூபாய். கருவி இருப்பவருக்கு 5,230.

நான் வீணாகக் கொடுத்தது: புதுப்பேட்டை ராக் 9,500, வண்டியைக் கட்டி இழுத்தது இரண்டு முறை 3,600, சுத்தியல் விரித்த மரையைச் சீர்செய்ய 800. ஆகமொத்தம் 13,900. அந்த ராக் இன்னும் கோணிப்பையில் சுற்றியபடி மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது.